மரிஸ்யாவைக் கூப்பிட முடியாத வீடு

லெனின்கிராட்
14 அக்டோபர் 1962

மதிப்பிற்குரிய ஸ்தெஃபானியா அவர்களுக்கு,

ஆறு வருடங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

நலமாக இருக்கிறேன். இங்கே டிராம் ஓட்டுகிறேன். போன வருடம் கல்யாணம் ஆனது. அவர் பெயர் ஸ்யோமா, கப்பல் பட்டறையில் வரைபடம் போடுகிறவர். ஜனவரிக் கடைசியில் குழந்தை பிறக்கும் என்கிறார்கள். அதனால் இப்போது டிராமிலிருந்து இறக்கி, டிப்போவில் நேர அட்டவணை எழுத உட்கார வைத்திருக்கிறார்கள்.

எழுதும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்யோமாவின் அம்மா ஃபீரா எங்களோடுதான் இருக்கிறார். அவர்கள் யூதர்கள். குடும்பத்தில் இறந்துபோன ஒருவரின் பெயரைத்தான் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். போன வாரம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சாதாரணமாகக் கேட்டார்: "பொண்ணு பொறந்தா உங்கம்மா பேரையே வெச்சுடலாம்மா. பாவம், அவளுக்கும் ஒரு பேர் சொல்ற பிள்ளை வேணும்ல? அவ பேரு என்ன?"

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். பிறகு, "தெரியாது" என்றேன். அவர் குழாயை மூடிவிட்டு என் கைகளைத் துடைத்துவிட்டார்.

என்னைப் பெற்றவளின் பெயர் என்ன? உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

மரிஸ்யா


வெர்பாவா கிராமம்
24 அக்டோபர்

மகளே,

'மதிப்பிற்குரிய' என்று எழுதியிருக்கிறாய். கூட்டுப்பண்ணைத் தலைவருக்குக்கூட இங்கே யாரும் அப்படி எழுதுவதில்லை. 'நீங்கள்' வேறு. பேன் பார்த்துப் பார்த்து இந்த விரல்கள் தேய்ந்ததெல்லாம் 'நீங்கள்' என்று கேட்கத்தானா? சரி, போகட்டும். எழுதினாயே, அது போதும். தபால்காரி உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றே கத்தினாள். களத்தில் சணல் கட்டிக்கொண்டிருந்தவள் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். மேஸ்திரி திட்டினார். திட்டட்டும்.

அடுப்பில் போடுவேனாம்! உன் புத்தி அப்படியேதான் இருக்கிறது.

குழந்தை வரப்போகிறது என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. ஈரப் பலகையில் உட்காராதே. கனமான வாளி தூக்காதே. அந்த ஃபீரா நல்லவள் போலிருக்கிறது. கை துடைத்துவிட்டாள் என்றாயே, அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வர மனமில்லாமல்தான் இவ்வளவு சுற்றினேன். உன் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது மகளே. சத்தியமாகத் தெரியாது. மறைத்தேன் என்று நினைக்காதே.

அவள் வந்த தினத்தைச் சொல்கிறேன். நாற்பத்திரண்டு, நவம்பர் தொடக்கம். அன்று ஜியாடி. அப்போது நாங்கள் கிராமத்துக்கு வெளியே, காட்டோரப் பண்ணை வீட்டில் தனியாக இருந்தோம். சண்டைக் காலம். ஆனாலும் செத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பாதிரியார் அதைப் பேய் வழிபாடு என்பார். பிறகு வந்த கட்சிக்காரர்கள் மூடநம்பிக்கை என்றார்கள். ரெண்டு பேரும் என் வீட்டு மேஜைக்கு வந்து பார்த்தவர்கள் இல்லை. பார்லிக் கஞ்சி, காளான் சாறு, ஓட்ஸ் கூழ் — அவ்வளவுதான் இருந்தது. யஸேப் கதவைத் திறந்து வைத்தார். வழக்கப்படி பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்: அவருடைய அப்பா, அம்மா, என் அண்ணன். "நடந்து வரவங்க நடந்து வாங்க, பறந்து வரவங்க பறந்து வாங்க" என்று அவர் முடிக்கவும், வாசற்படியில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் நீ.

எனக்கு உயிரே போய்விட்டது. யஸேப்தான் முதலில் வாயைத் திறந்தார்: "கூப்பிட்டோம், வந்துட்டாங்க. உள்ள வாம்மா."

கிலினாவா டவுனில் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெருவை ஜெர்மன்காரர்கள் அன்று காலையில் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அங்கிருந்து வயல் வழியாக ஓடி வந்திருந்தாள். நின்றபடியே மேஜையிலிருந்த தட்டை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அது எந்தத் தட்டு தெரியுமா? ஒவ்வொரு பண்டத்திலும் முதல் கரண்டி எடுத்து, செத்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்த தட்டு. உயிரோடு இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. நான் வாயைத் திறந்தேன். யஸேப் என் கையைப் பிடித்து அழுத்தினார்: "சாப்பிடட்டும், விடு."

விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இருபது வருடம் இது என் நெஞ்சில் கிடக்கிறது. தடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ என்னவோ.

அவள் பெயர் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. தெரியாவிட்டால் யார் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதல்லவா? உன்னை அடுப்புத் திண்டில் படுக்க வைத்துவிட்டு, "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஜியாடி. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். உன் அம்மாவை மட்டும் இத்தனை வருடமும் 'எங்க பொண்ணோட அம்மா, நீயும் வா' என்றுதான் கூப்பிடுகிறேன். பெயர் இல்லாத அழைப்பு போய்ச் சேருமோ சேராதோ.

ஸ்தெஃபானியா


லெனின்கிராட்
2 நவம்பர்

கடிதம் கிடைத்தது. மூன்று நாட்கள் யாரிடமும் காட்டவில்லை.

நீங்கள் ஒவ்வொரு ஜியாடிக்கும் அவளைக் கூப்பிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பெயர்களைச் சொல்லும் நேரம் வந்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள். "ஒரு வாளி தண்ணி கொண்டா" என்பீர்கள். வாளியில் தண்ணீர் நிறைந்துதான் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி இறைப்பேன். கிணற்றடியில் நின்று, திறந்திருக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செத்தவர்களுக்கெல்லாம் உள்ளே இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று நினைப்பேன்.

பதினாறாவது வயதில் உங்கள் மைத்துனர் குடிபோதையில் என்னிடம் சொன்னார்: "நீ அண்ணன் ரத்தமா? யூதச்சி பெத்துப் போட்ட குட்டி." அதைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வாளிதான். ஓ, இதற்காகத்தான் என்று தோன்றியது. அதற்கு மேல் நீங்கள் என்ன சமாதானம் சொல்லியும் என் காதில் ஏறவில்லை.

இப்போது கேட்கிறேன். என்னை ஏன் வெளியே அனுப்பினீர்கள்? இரண்டு நாட்களில் வருகிறேன் என்றவள் எங்கே போனாள்? மரிஸ்யா என்பது யார் வைத்த பெயர்? நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே?

தயவுசெய்து எதையும் விடாமல் எழுதுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது. குழந்தை நன்றாக உதைக்கிறது.

மரிஸ்யா


வெர்பாவா
12 நவம்பர்

மகளே,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு பாவ்லினா அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்து, "யாருக்கு இவ்ளோ எழுதற, உனக்குக் காதல் கீதல் வந்துடுச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

எதையும் விடாமல் எழுதச் சொன்னாய். பக்கத்தில் ஃபீராவை உட்கார வைத்துக்கொண்டு படி.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் மரிஸ்யா. நீ வந்தபோது அவளுக்கும் நாலு வயது. அன்று காய்ச்சலில் அடுப்புத் திண்டில் படுத்திருந்தாள். உன்னையும் அவள் பக்கத்தில்தான் படுக்க வைத்தோம். தொற்றிக்கொள்ளுமே என்று பயந்தேன், ஆனால் வீட்டில் சூடான இடம் வேறு கிடையாது. அவள் தன் போர்வையில் பாதியை உன் மேல் இழுத்துவிட்டாள். உன் பெயரைக் கேட்டேன். "பெல்கா" என்றாய். ருஷ்ய மொழியில் அணில் என்று அர்த்தம் அல்லவா? சின்னப் பிள்ளை எதையோ விளையாட்டாகச் சொல்கிறது என்று நினைத்தோம். யஸேப் சிரித்து, "அணில் வந்திருக்கு, கொட்டை குடு" என்றார். உன்னைச் செல்லமாக பெல்கா, பெல்கா என்று நாங்கள் கூப்பிட்டது அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அன்று எங்கே போகிறாள் என்று உன் அம்மா சொல்லவில்லை. மூன்றாம் நாள் யஸேப் மாவு ஆலைக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்தார். பாதையோரம் கிடந்தாள். சுட்டிருந்தார்கள். திரும்பி எங்கள் வீட்டுத் திசையில் வந்துகொண்டிருந்தாள் மகளே. முகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறாள். அவர் வைக்கோல் வண்டியில் மறைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பேரிமரத்தடியில் புதைத்தார். நான் என் கல்யாண மேஜைவிரிப்பைச் சுற்றிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் மரிஸ்யா போய்விட்டாள். வைத்தியர் கிடைக்கவில்லை. அவளைக் கழுவிக்கொண்டிருந்தேன். யஸேப் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ஸ்தெஃபா, பாதிரியார்கிட்ட சொல்ல வேணாம்."

"என்ன சொல்றீங்க? புள்ளைய மணி அடிக்காம புதைக்கிறதா?"

"மரிஸ்யா செத்துட்டான்னு ஏட்டுல எழுதிட்டா அடுப்பு மேல இருக்கிற புள்ளைக்குக் காகிதம் கிடையாது. எழுதலேன்னா நம்ம வீட்டுல ஒரு பொண்ணு இருந்தா, ஒரு பொண்ணு இருக்கா. அவ்ளோதான்."

அவரை அடித்தேன். கையில் ஈரத் துணி இருந்தது, அதாலேயே அடித்தேன். அவர் தடுக்கவில்லை. விடியற்காலையில் அவர் குழி வெட்டினார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். என் மகளின் ஞானஸ்நானக் காகிதம் உனக்கு வந்தது. பெயரும் வந்தது.

அடுத்த வருடம் ஜியாடி. யஸேப் பெயர்களைச் சொல்லி முடித்தார். நான் வாயைக் கட்ட முடியாமல், "மரிஸ்யா, கண்ணு, நீயும் வா" என்று கூப்பிட்டேன். அடுப்புத் திண்டிலிருந்து நீ எழுந்து உட்கார்ந்து, "இதோ இருக்கேம்மா" என்றாய்.

செத்தவளைக் கூப்பிட்டால் உயிரோடு இருப்பவள் பதில் சொல்கிறாள். ஏற்கெனவே ஒருத்தியை அந்தத் தட்டில் சாப்பிட விட்டு இழந்தேன். இன்னொருத்தியை நானே பெயர் சொல்லி அந்தப் பக்கம் அனுப்புவேனா? அன்றோடு என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டேன். "சின்னவளே" என்று மட்டும் வாய்க்குள் சொல்வேன். அதுவும் உன் காதில் விழக் கூடாது என்றுதான் வாளியைக் கொடுத்து அனுப்புவேன். உன்னை விலக்கி வைக்க இல்லை. உன்னை வைத்துக்கொள்ளத்தான் அனுப்பினேன்.

நாற்பத்தைந்தில் யஸேப் போர்முனையில் இறந்துபோனார். சொல்வதற்கு எனக்கு வேறு துணை இல்லை. நீ கேட்ட அன்று, "உன்னைப் பெத்தவ நான்தான்" என்று சாதித்தேன். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னதற்கு மன்னித்துவிடு. மற்றதற்கு மன்னிப்பு கேட்க எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மறுபடி அதேபோல நடந்தால் மறுபடி அதையேதான் செய்வேன்.

இப்போது பண்ணை வீடு அங்கே இல்லை, உனக்குத் தெரியும். கட்டைகளைப் பிரித்துக் கிராமத்துக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினோம். அந்த இடம் கூட்டுப்பண்ணையின் சணல் வயல். பேரிமரம் மட்டும் நிற்கிறது. அடியில் பெரிய பாறை இருக்கிறது, கலப்பை உடைந்துவிடும் என்று டிராக்டர் ஓட்டுபவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுற்றித்தான் உழுகிறான்.

ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவுக்கு நான் கடன்பட்டவள். நான் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன் என்று நீ நினைக்கலாம். இருபது வருடமாக என் பிள்ளை மண்ணுக்குள் தனியாக இல்லை. பக்கத்தில் ஒரு அம்மா இருக்கிறாள். அதை நினைத்துத்தான் எத்தனையோ குளிர்காலத்தில் தூங்கினேன்.

ஸ்தெஃபானியா


லெனின்கிராட்
9 டிசம்பர்

அம்மா,

உடனே எழுத முடியவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு ஈரத் துணி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

'நீ' என்றே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதிய கையை நானே அடித்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி ஃபீராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். நான் படிக்கப் படிக்க அவர் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். 'பெல்கா' என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நிறுத்து. என்னன்னு சொன்னே?"

"பெல்கா. அணில்னு அர்த்தம். சின்ன வயசுல..."

"அணிலாவது எலியாவது! பெய்ல்கே! எங்க பாஷையில அழகின்னு அர்த்தம்டி. எங்க சித்தி பேரு, எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரு. அந்தப் புள்ள விளையாடல. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருக்கு!"

அம்மா, யோசித்துப் பார். ஊருக்கும் காகிதத்துக்கும் நான் மரிஸ்யா. ஆனால் காலையில் எழுப்பும்போது, பேன் பார்க்கும்போது, முழங்காலில் அடிபட்டு வந்தபோது, நீ கூப்பிட்டதெல்லாம் பெல்கா. தெரியாமலே என் பெயரைப் பதினாலு வருடம் வாயில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாய். நான் ஃபீராவின் தோளில் சாய்ந்து அழுதேன். சமையலறை நாலு குடும்பத்துக்குப் பொது. அடுத்த அறைக்காரர் உருளைக்கிழங்கு வேக வைக்க வந்தவர் பாத்திரத்தோடு திரும்பிப் போய்விட்டார்.

அந்தத் தட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை இனி நெஞ்சில் வைக்காதே. அவளைச் சுட்டவர்கள் சுட்டார்கள், கஞ்சி கொல்லவில்லை. நாள் முழுக்க வயலில் ஓடி வந்தவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். யாரும் விரட்டவில்லை. தட்டில் சூடாகக் கஞ்சி இருந்தது. என் அம்மா கடைசியாகச் சாப்பிட்டது உன் சமையல். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? யஸேப்பின் கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்க வேண்டும். அப்பா என்றே எழுதுகிறேன். அப்பாவின் கையை.

மரிஸ்யாவின் போர்வையில் பாதி எனக்கு வந்தது. எனக்கு அது ஞாபகம் இல்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை.

பெல்கா


வெர்பாவா
6 ஜனவரி 1963

பெல்கா, என் அணிலே, என் அழகியே,

பாவ்லினாவிடம் ஆட்டை ஒப்படைத்துவிட்டு கிலினாவாவுக்குப் போய் வந்தேன். மேஸ்திரியிடம் பல் வலி என்று சொன்னேன். கன்னத்தில் துணி கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன், நம்ப வேண்டுமே!

போன காரணம் இது. உன் கடிதம் வந்தபிறகு அன்று சாயங்காலத்தை மனசுக்குள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் கை. தட்டைப் பிடித்த இடது கையின் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். தையல்காரி என்று அப்போதே நினைத்திருந்தேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. உன்னைத் திண்டில் படுக்க வைத்தபோது என் மரிஸ்யாவின் கம்பளித் தொப்பியைப் பார்த்தாள். ஓட ஓட விரட்டப்பட்டு வந்தவள், அந்த நேரத்திலும் அந்தத் தொப்பியின் விளிம்பை விரலால் மடித்துச் சரி செய்துவிட்டாள். சாதாரணத் தையல்காரி அதைச் செய்ய மாட்டாள்.

டவுனில் முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் இப்போது வேறு ஆட்கள். "யூதர்களா? எனக்கென்ன தெரியும்" என்று கதவைச் சாத்துகிறார்கள். நகராட்சியில் பழைய ஏடெல்லாம் எரிந்துபோயிற்று என்றார்கள். பஸ் நிலையத்தில் படுத்தேன். மறுநாள் சந்தையில் ஊறுகாய் விற்கும் ஒரு கிழவியிடம் பேச்சுக் கொடுத்தேன். லெயகாதியா என்று பெயர். சண்டைக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் வீட்டில் சமையல் செய்தவள். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"சண்டைக்கு முன்னாடி இங்க தொப்பி தைக்கிற யூதப் பொண்ணு யாராவது இருந்தாளா?"

"நீ எதுக்குக் கேக்குற? உன் தலைக்கு இனிமே தொப்பி எதுக்கு?"

"அவளுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சா, பெய்ல்கேன்னு?"

ஊறுகாய்க் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "ஸ்லாத்தா பொண்ணா? அதுக்கென்ன? அதுதான் எல்லாரோடயும் போயிடுச்சே."

"போகல. லெனின்கிராட்ல டிராம் ஓட்டுது."

பெல்கா, அவள் கடையை மூடிவிட்டாள். வாங்க வந்தவர்களை, "போங்க போங்க, ஊறுகா தீந்துடுச்சு" என்று விரட்டினாள். பீப்பாய் நிறைய இருக்கிறது! தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் தொப்பியை எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி கொடுத்துவிட்டுப் போனதாம். உள் துணியில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் தைத்திருக்கிறது. எனக்கு எழுத்து மங்கல், அவள்தான் படித்தாள்: ஸ்லாத்தா, தொப்பிக்கடை.

ஸ்லாத்தா என்றால் பொன் அல்லவா மகளே! பொன்னை நான் இருபது வருடம் 'எங்க பொண்ணோட அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

லெயகாதியா சொன்னது இன்னும் இருக்கிறது. உன் அம்மா அளவு நாடாவே எடுக்க மாட்டாளாம், தலையைப் பார்த்தே அளவு சொல்வாளாம். வாய் பொல்லாதது. மருந்துக்கடைக்காரர் மனைவி தொப்பியை வைத்துக்கொண்டு, "ஸ்லாத்தா, இது என்னை இளமையா காட்டுதா?" என்று கேட்டாளாம். "தொப்பி இளமையாத்தான் இருக்கு அம்மணி" என்றாளாம் உன் அம்மா. லெயகாதியா அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். உன் அப்பா பெயர் ஹிர்ஷ். புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவர். நல்ல உயரம், கதவு தாண்டக் குனிய வேண்டுமாம். ஜெர்மன்காரர்கள் வந்த கோடையிலேயே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

தொப்பியைக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றாள். "பொண்ணு வந்து கேக்கட்டும், அவ தலையில நானே வெக்கிறேன்" என்கிறாள். அவளும் பொல்லாதவள்தான். வரும்போது ஒரு புட்டி ஊறுகாயை என் பைக்குள் திணித்தாள்.

அம்மா


லெனின்கிராட்
30 ஜனவரி

அம்மா,

ஆஸ்பத்திரியில் படுத்தபடி எழுதுகிறேன். இருபத்தேழாம் தேதி காலையில் பெண் பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். ஸ்லாத்தா என்று பெயர் வைத்துவிட்டோம். ஸ்யோமா ஜன்னலுக்குக் கீழே பனியில் நின்று அந்தப் பெயரைக் கத்தினார். காவலாளி விரட்டினார்.

'தொப்பி இளமையாத்தான் இருக்கு அம்மணி.' பிரசவ வலியின் நடுவில் இது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மருத்துவச்சி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். அம்மா, என்னைப் பெற்றவளை நினைக்க எனக்கு ஒரு முகமும் கிடையாது, ஒரு குரலும் கிடையாது என்று இருந்தேன். பல் வலி என்று பொய் சொல்லிப் போய் எனக்கு அவள் சிரிப்பை வாங்கி வந்திருக்கிறாய்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இந்த வருட ஜியாடியில் மரிஸ்யாவைக் கூப்பிடு. பெயர் சொல்லிக் கூப்பிடு.

பெல்கா


வெர்பாவா
11 பிப்ரவரி

பெல்கா,

பாவ்லினாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். "விடு விடு, எலும்பு நொறுங்குது" என்று கத்தினாள். பேத்திக்கு ஆட்டு ரோமத்தில் காலுறை அனுப்பியிருக்கிறேன். அளவு குத்துமதிப்புதான். நான் ஸ்லாத்தா இல்லை.

நீ கேட்டதை மட்டும் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறது? டிப்போவில் சம்பளத்துக்கு என்ன பெயரில் கையெழுத்துப் போடுகிறாய்? அந்தப் பெயரில் மூச்சு விடுகிற ஒருத்தி இருக்கும்வரை நான் அதைக் கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட மாட்டேன். மூடநம்பிக்கை என்று சொல். அப்படியே இருக்கட்டும். இப்போது உனக்குக் கைக்குழந்தை வேறு இருக்கிறது. என் மரிஸ்யா பொறுத்துக்கொள்வாள். இத்தனை வருடம் பொறுத்தவள்.

பால் நன்றாகச் சுரக்கிறதா? சீரகம் போட்டு வெந்நீர் குடி.

அம்மா


லெனின்கிராட்
20 செப்டம்பர் 1963

அன்பான அம்மா,

நான் மூன்று மாதமாக ஒரு வேலையாக அலைந்ததை உனக்குச் சொல்லவில்லை. முடியுமோ முடியாதோ என்றுதான் சொல்லவில்லை. முடிந்துவிட்டது. கேள்.

ஜூனில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஸ்லாத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"பேரை மாத்தணுமா? மரிஸ்யா நல்ல பேருதானே? என்ன காரணம்?"

"அது என்னுடையது இல்லைங்க. திருப்பிக் குடுக்கணும்."

"யாருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது, பிறகு முணுமுணுப்பும் நின்றுவிட்டது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கெல்லாம் இந்தத் தாள்ல கட்டம் இல்லியேம்மா" என்றாள். பிறகு பேனாவை எடுத்து, காரணம் என்ற இடத்தில், 'பெயர் கேட்க இனிமையாக இல்லை' என்று எழுதினாள். "இதுக்குக் கட்டம் இருக்கு. மரிஸ்யா கோவிச்சுக்க மாட்டா இல்ல?"

தகப்பன் பெயரையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஹிர்ஷ் என்னைப் பெற்றார். ஆனால் என் அம்மாவைப் பாதையில் கிடக்க விடாமல் வண்டியில் ஏற்றி வந்தவர் யஸேப். அவர் மகளாகவே இருந்துகொள்கிறேன் என்றேன். ஹிர்ஷ் அப்பா குனிந்து உன் ஜியாடிக் கதவையும் தாண்டி வருவார், இடம் கொடு.

நேற்று புதிய பாஸ்போர்ட் வந்தது. பெய்ல்கே என்று எழுத மாட்டோம் என்றார்கள், பெய்லா என்று இருக்கிறது. டிப்போவில் எல்லாரும் புதிதாகக் கல்யாணம் ஆனவளைப் போல என்னைக் கேலி செய்கிறார்கள். மரிஸ்யா என்ற பெயரில் உன் வீட்டு வகையில் இனி உயிரோடு ஒருவரும் இல்லை அம்மா. யாரும் தப்பாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஜியாடிக்கு வர முடியாது. ஸ்லாத்தாவுக்கு இருமல், மருத்துவர் பயணம் வேண்டாம் என்கிறார். இங்கேயே, அதே மாலையில், பொதுச் சமையலறையில் செய்கிறேன். பார்லி வாங்கிவிட்டேன். ஃபீராவும் உட்காருகிறேன் என்கிறார். "எங்க சாமிக்கு இது புடிக்குமோ புடிக்காதோ, ஆனா எங்கம்மாவுக்குப் பசி உண்டு" என்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும், அப்போதுதான் வந்தவர்கள் எடுத்துச் சாப்பிட முடியும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வசந்தத்தில் வருகிறோம், மூன்று பேரும். பேரிமரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போ.

உன் பெல்கா


வெர்பாவா
3 நவம்பர் 1963

பெல்கா,

நேற்று ஜியாடி முடிந்தது. இன்று ஞாயிறு. வெளிச்சம் வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு பண்டம் செய்தேன். கஞ்சி, காளான் சாறு, பட்டாணி, அப்பம், மீன், ஓட்ஸ் கூழ். ஏழாவது லெயகாதியாவின் ஊறுகாய். இந்த வீட்டு ஜியாடியில் இதுவரை யாரும் ஊறுகாய் வைத்ததில்லை. உன் அம்மாவுக்கு ஊர்ச் சுவையாக ஏதாவது இருக்கட்டும் என்று வைத்தேன்.

சுத்தமான விரிப்புப் போட்டேன். பொழுது சாயும்போது கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. யஸேப்பைக் கூப்பிட்டேன். அண்ணனை, மாமனார் மாமியாரைக் கூப்பிட்டேன். பிறகு, "ஸ்லாத்தா, பொன்னே, தொப்பிக்காரி, வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. இந்தத் தட்டு உனக்குத்தான், நின்னுக்கிட்டு சாப்பிடாதே, உக்காரு" என்றேன். அவளுக்கு நான் நன்றி சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும்.

அப்புறம் என் முறை. வாய் வரவில்லை மகளே. பழக்கம் விட்டுப்போன சொல். முதலில் முணுமுணுத்தேன். எனக்கே கேட்கவில்லை. வாசற்படியில் போய் நின்றேன். உன் கடிதத்தை இன்னொரு தடவை நினைத்துக்கொண்டேன், யாரும் தப்பாகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்று எழுதினாயே. மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன்: "மரிஸ்யா!"

உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. அடுப்புத் திண்டு காலியாக இருந்தது. நீ எங்கேயோ தூரத்தில் உன் பெயரில் பத்திரமாக இருந்தாய்.

அதற்கு மேல் என்னை யார் நிறுத்த முடியும்? "மரிஸ்யா! மரிஸ்யா, கண்ணு! சாப்பிட வாடி! கஞ்சி ஆறுது, மரிஸ்யா!" என்று, வயலில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது போலத் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டில் விளக்கோடு யாரோ ஜன்னலுக்கு வந்தார்கள்.

பாவ்லினா தலையில் துணிகூடப் போடாமல் வேலி தாண்டி ஓடி வந்தாள்.

"ஸ்தெஃபா! என்ன ஆச்சு? ஏன் இப்படிக் கத்தற? யாரைக் கூப்பிடற?"

"என் மகளை."

"மரிஸ்யாவையா? ஐயோ, சிலுவை போட்டுக்கோடி! செத்தவங்களைக் கூப்பிடற நாள்ல உசுரோட இருக்கற புள்ள பேரைச் சொல்லுவாங்களா? அவதான் லெனின்கிராட்ல இருக்காளே!"

"இல்ல பாவ்லினா. அது இன்னொரு மக. எனக்கு ரெண்டு பேரு."

அவள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கரண்டியை எடுத்தாள்.

அம்மா